நீட் ரிப்பீட்டராக ஒரு வருடம்: கடலூர்க்காரியின் கணக்கு

2024 மே 5-ஆம் தேதி முதல் தடவை நீட் எழுதினேன். 720-க்கு 447. அடுத்த வருடம் மே 4-ஆம் தேதி மறுபடியும் எழுதினேன். 431. ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் பதினாறு மார்க் குறைவாக வாங்கியவளிடம் என்ன யோசனை கேட்பது என்று தோன்றும். எங்கள் தெருவிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். ஆனால் 431-க்குக் கிடைத்த ரேங்க், 447-க்குக் கிடைத்ததைவிட ஒரு லட்சத்துக்கும் மேல் முன்னே இருந்தது.

2024-இல் மார்க் தாராளமாக விழுந்தது. முதலில் வந்த முடிவில் 67 பேருக்கு முழுசாக 720. 2025-இல் இயற்பியல் எல்லாரையும் படுத்தி எடுத்ததில், நாட்டிலேயே முதலிடம் வந்தவருக்கு 686தான். பொதுப்பிரிவில் தகுதி பெறத் தேவையான குறைந்தபட்ச மார்க் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. அதனால் ரிப்பீட் பண்ண நினைக்கிறவர்கள் "போன தடவை இவ்வளவு, இந்தத் தடவை 600" என்று மார்க்கில் இலக்கு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தாள் எப்படி வரும் என்பது நம் கையில் இல்லை. உங்கள் பிரிவில், நீங்கள் விரும்பும் படிப்பில், கடைசியாக இடம் கிடைத்தவரின் ரேங்க் எவ்வளவு, அதற்கும் உங்கள் ரேங்குக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அந்தத் தூரம் ஒரு வருடத்தில் கடக்கக்கூடியதா என்பதுதான் கேள்வி.

அதிலும் "உங்கள் பிரிவில்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பு இடங்களில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. எங்களுக்கு அது கிடையாது. என்னோடு டியூஷன் வந்த அரசுப் பள்ளித் தோழி என்னைவிடக் குறைந்த மார்க்கில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தாள். வீட்டில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் அம்மாவோடு பூக்கட்டிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருகிறவள் அவள். ஆனால் அவளுடைய கட் ஆஃபைப் பார்த்து நான் நம்பிக்கை வைத்திருந்தால் ஏமாந்திருப்பேன். ஊரில் பேசும் கட் ஆஃப் பெரும்பாலும் வேறு யாருடையதாகவோ இருக்கும்.

2024 முடிவு ஜூன் 4-ஆம் தேதி, நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த அதே நாளில், சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே வந்தது. டி.வி.யில் தேர்தல், போனில் நீட். அதற்கப்புறம் வினாத்தாள் கசிவு, கருணை மார்க், 1,563 பேருக்கு மறுதேர்வு என்று ஒவ்வொன்றாகக் கிளம்பியது. எல்லாருக்கும் மறுதேர்வு வருமா வராதா என்று ஜூலை 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் "தேவையில்லை" என்று சொல்லும்வரை தெரியவில்லை. என்னோடு எழுதியவர்களில் பாதிப் பேர் அதுவரை புத்தகத்தைத் தொடவில்லை. மறுதேர்வு வைத்தால் படிக்கலாம், வைக்காவிட்டால் வேறு கோர்ஸ் பார்க்கலாம் என்று இரண்டுங்கெட்டானாக இருந்தார்கள்.

நான் அந்த வாரங்களில் படிக்கவில்லை. பழைய விடைத்தாளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்த வருடத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முடிவு வருவதற்கு முன்னால், நாம் வட்டம் நிரப்பி விடை குறித்த ஓ.எம்.ஆர். தாளின் ஸ்கேன் பிரதியையும், சரியான விடைகளின் பட்டியலான ஆன்சர் கீயையும் தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் போடுவார்கள். கொஞ்ச நாள்தான் இருக்கும். உடனே இறக்கி இரண்டு இடத்தில் சேமித்துவிட வேண்டும். அப்பாவுக்கு மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை. எனக்கு வினாத்தாள், ஓ.எம்.ஆர்., கீ மூன்றையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார். 180 கேள்வியில் 120 சரி, 33 தப்பு, 27 விட்டது. சரிக்கு நான்கு, தப்புக்கு மைனஸ் ஒன்று. 480-இல் 33 போக 447.

33 தப்பையும் வகை பிரித்தேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாத பாடத்திலிருந்து வந்தவை 9. கேள்வியைச் சரியாகப் படிக்காததால் போனவை 7. தவறான கூற்றைக் கேட்டிருப்பான், நான் சரியான கூற்றைக் குறித்திருப்பேன். கணக்கில் அடுக்கோ அலகோ பிசகியவை 4. மீதி 13-இல் நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்ச இரண்டில் ஏதோ ஒன்றைக் குறித்திருந்தேன்.

அதாவது தெரியாமல் போனது கால்வாசிதான். இதைப் பார்க்காமல் இருந்திருந்தால் நானும் எல்லாரையும் போல முதல் பாடத்திலிருந்து ஒரு வருடம் மறுபடி படித்திருப்பேன். தெரிந்த முக்கால்வாசியைத் திருப்பித் திருப்பிப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. நாள் ஓடிவிடும், படித்த மாதிரியும் இருக்கும்.

அந்த 13-ஐப் பற்றி இன்னொன்று. "நெகட்டிவ் மார்க் இருக்கு, சந்தேகம்னா விட்டுடு" என்று டியூஷனில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஊகத்தில் ஒன்று சரியானால்கூட நான்கு கூடி நான்கு கழிகிறது, நட்டம் இல்லை. இரண்டில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டால் குறிப்பதுதான் லாபம். ஆனால் இது பொதுக் கணக்கு. என் ஊகம் எந்தப் பாடத்தில் எப்படி விழுகிறது என்று பார்க்க, அதற்கப்புறம் எழுதிய ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் ஊகித்துக் குறித்த கேள்விக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். சில மாதத்தில் தெளிவாகிவிட்டது. உயிரியலில் என் நட்சத்திரங்களில் பாதிக்கு மேல் சரி. இயற்பியலில் ஐந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. இயற்பியல் கேள்வி எழுதுகிறவர்கள் நாம் எங்கே சறுக்குவோம் என்று தெரிந்தே அந்த விடையையும் நான்கில் ஒன்றாக வைத்திருப்பார்கள். ஆகவே எனக்கான விதி: உயிரியலில் சந்தேகம் வந்தால் குறி, இயற்பியலில் விடு. உங்களுக்கு இது நேர்மாறாகவும் இருக்கலாம். நட்சத்திரம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, கோச்சிங். ஆகஸ்ட்டில் புதுச்சேரியில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். கடலூரிலிருந்து தினமும் பஸ். ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி தாண்டினால் புதுச்சேரி எல்லையில் முள்ளோடை. (அங்கே இறங்கும் கூட்டம் எதற்காக இறங்குகிறது என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை வண்டி பறக்கும். அரியாங்குப்பம், மரப்பாலம் நெரிசலில் அப்படியே நிற்கும். போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டால் கண் சொருகும். வகுப்பில் ஒரு ஹாலில் நூற்றுக்கு மேல் பேர். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காதவர்களும் ரிப்பீட்டர்களும் ஒரே வகுப்பில். எனக்குத் தெரிந்த பாடத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தினார்கள். என்னுடைய 33 தப்பைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இல்லை.

தீபாவளிக்கு முன்னால் நின்றுவிட்டேன். கட்டிய பணத்தில் ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை. "சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று படிவத்தைக் காட்டினார்கள். அப்பா எதுவும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினார். அதுதான் கஷ்டமாக இருந்தது. சேர்வதானால் மொத்தமாகக் கட்டாதீர்கள், தவணை கேளுங்கள், நடுவில் நின்றால் என்ன திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரிப்பீட்டர்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறதா, தேர்வுக்கு அப்புறம் தாளை வைத்துப் பேசுவார்களா என்று கேளுங்கள். இரண்டும் இல்லை என்றால் டெஸ்ட் சீரிஸ், அதாவது மாதிரித் தேர்வுகள், மட்டும் வாங்கினால் போதும். நான் அப்புறம் செய்தது அதுதான். செலவு அதில் ஒரு சிறு பங்கு.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். வீட்டில் இடம் இல்லாதவர்கள், தனியாக உட்கார முடியாதவர்கள், முதல் தடவை 250-க்குள் நின்றவர்கள் வகுப்புக்குப் போவதுதான் நல்லது. அவர்களுக்குத் தெரியாத பாடம் நிறைய இருக்கும்; அதை ஒருவர் நடத்தத்தான் வேண்டும்.

வகுப்பை விட்டபின் காலையில் மாவட்ட மைய நூலகம். மதியம் வீடு. மதியம் 2 மணி முதல் 5 மணி வரை கட்டாயம் தேர்வோ கேள்விப் பயிற்சியோ மட்டும். நீட் நடப்பது அந்த நேரத்தில்தான். சாப்பிட்ட மயக்கம், வெயில், கழுத்தில் வேர்வை, தாளில் கை ஒட்டுவது எல்லாம் அந்த நேரத்துக்கே உரியவை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தால் மூளை தெளிவாக இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் விடியற்காலையில் யாரும் நமக்கு நீட் வைக்கப் போவதில்லை. மே 4 என்றால் அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாள். மார்ச் கடைசியிலிருந்து வாரத்தில் ஒரு நாள் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு எழுதிப் பார்த்தேன். அம்மாவுக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. 2025 தேர்வு நாளில் இந்தூரிலும் சென்னை ஆவடியில் ஒரு மையத்திலும் மழையில் மின்சாரம் போய், பிள்ளைகள் மங்கலான வெளிச்சத்தில் எழுதி, அப்புறம் நீதிமன்றம் வரை போனார்கள். ஆவடிக்காரர்கள் கேட்ட மறுதேர்வைச் சென்னை உயர் நீதிமன்றம் தரவில்லை. அதைப் படித்தபோது அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

மின்சாரம் என்றதும் ஃபெஞ்சல் நினைவுக்கு வருகிறது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிப் பக்கத்தில் கரை கடந்த புயல் நகரவே இல்லை. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மழை. அது ஓய்ந்தது என்று நினைத்தால், சாத்தனூர் அணை நிரம்பித் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் கரையோரப் பகுதிகளில் புகுந்தது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்ட் இல்லை, போன் சார்ஜ் இல்லை, நூலகம் மூடியிருந்தது. ஆன்லைன் வகுப்பு, ஆன்லைன் தேர்வு, மொபைலில் பி.டி.எஃப். என்று எல்லாவற்றையும் போனுக்குள் வைத்திருந்த நண்பர்கள் பல நாள் அப்படியே நின்றுபோனார்கள். நான் அப்பா அச்சடித்துக் கொடுத்திருந்த பழைய வினாத்தாள்களை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். நம் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை என்பது எந்த ஆண்டும் ரிப்பீட்டரின் அட்டவணைக்குள் வருகிற விஷயம். நவம்பர், டிசம்பரில் புதுப் பாடம் வைக்காதீர்கள். திருப்புதலும் தாளில் அச்சடித்த கேள்விகளும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சேதம் குறையும்.

ஜனவரி கடைசியில் தேர்வு முறையே மாறியது. அதுவரை ஒவ்வொரு பாடத்திலும் (தாவரவியல், விலங்கியல் தனித்தனி) ஒரு பகுதியில் மட்டும் 15 கேள்வியில் 10 எழுதினால் போதும் என்ற சாய்ஸ் இருந்தது. மொத்தம் 200 கேள்விக்கு 200 நிமிடம், எழுத வேண்டியது 180. 2025-க்குச் சாய்ஸ் எடுக்கப்பட்டது. 180 கேள்வி, 180 நிமிடம். வாட்ஸ்அப் குழுவில் அன்று ஒரே அழுகை. எனக்கும் முதல் இரண்டு தேர்வில் நேரம் பற்றவில்லை. பிறகு இப்படி வகுத்துக்கொண்டேன்: உயிரியல் 90 கேள்வி ஐம்பது நிமிடத்துக்குள், வேதியியல் ஐம்பது நிமிடம், இயற்பியலுக்கு அறுபத்தைந்து, மிச்சம் பதினைந்து சரிபார்க்க. ஷேடிங்கைக் கடைசிக்கு வைக்கக் கூடாது. ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து விடைகளைக் குறித்துவிட வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் 180 வட்டத்தையும் நிரப்புகிறவர்கள் ஒரு வரிசை மாறினால் தொடர்ந்து எல்லாமே மாறும். மையால் குறித்ததை அழிக்கவும் முடியாது.

பாடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிரியலுக்கு மத்தியப் பாடத்திட்டமான என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் ஒன்றே போதும். படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்பு, அட்டவணை, பாட முடிவில் இருக்கும் சுருக்கம் எதையும் விடக்கூடாது. கூற்று–காரணம், பொருத்துக கேள்விகள் அந்த வரிகளிலிருந்தே வருகின்றன. நான் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவள். நம் புத்தகத்தில் விஷயம் அதிகமாகவே இருக்கிறது. ஆனால் தேர்வுக் கேள்வி என்.சி.இ.ஆர்.டி.யின் வரியைப் பிடித்து வரும். வேதியியலில் கனிம வேதியியலைத் தினமும் கொஞ்சம் எழுதிப் பார்க்காவிட்டால் வாரத்தில் காணாமல் போகும். இயற்பியலில் எல்லாப் பாடமும் எனக்கு வராது என்று ஒத்துக்கொண்டு அலகுகள், வெப்ப இயக்கவியல், மின்னோட்டம், ஒளியியல், நவீன இயற்பியல், குறைக்கடத்தி இவற்றை மட்டும் உறுதி செய்தேன். சுழற்சி இயக்கத்தை ஒதுக்கி வைத்தேன். இப்படி ஒதுக்குவதை ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் பத்தாயிரம் ரேங்குக்கு ஆசைப்படுகிறவர்கள் ஒதுக்கவும் கூடாது. நான் அந்த இடத்தில் இல்லை.

வீடு, உறவு பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாண வீடுகளில் "என்ன பண்றே?" என்று கேட்பார்கள். "வீட்ல இருக்கேன்" என்றால் மாப்பிள்ளை பார்க்கவா என்பார்கள். "நீட் படிக்கிறேன்" என்றால் "இன்னுமா?" என்பார்கள். அந்த வருடம் நெருங்கிய உறவுகளின் விசேஷம் தவிர எதற்கும் போகவில்லை. அம்மா எனக்காகத் திட்டு வாங்கினாள். ஆயா மட்டும் வேறு ரகம். திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீஸ்வரர் கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், "அப்பரைக் கல்லுல கட்டிக் கடல்ல போட்டான்டி, இங்கதான் கரையேறினாரு. உனக்கு என்னா, வெறும் பரீச்சைதானே" என்றாள். ஆயாவுக்கு நீட் என்றால் என்னவென்று தெரியாது. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி தெரியும், முழங்கால் வலிக்கு அங்கே வரிசையில் நின்ற அனுபவம். நான் அங்கே டாக்டராகி வரிசை இல்லாமல் உள்ளே விடுவேன் என்று நம்பியிருந்தாள்.

எல்லாரும் ஆயா மாதிரிப் பேசமாட்டார்கள். என்னோடு படித்த ஒருத்தி ஜனவரிக்கு மேல் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். போனை எடுக்கவில்லை. "நான் இல்லாட்டி வீட்டுக்குச் செலவு மிச்சம்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இந்த மாதிரிப் பேச்சைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் அவள் அக்காவிடம் சொன்னேன். தோழி முதலில் என்மேல் கோபப்பட்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள். தமிழ்நாட்டில் 104-ஐ அழைக்கலாம். 14416 நாடு முழுவதும் இயங்கும் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், புதுச்சேரிக்காரர்களும் அழைக்கலாம். தேர்வுக்கு முன்னால் மட்டுமல்ல, முடிவு வரும் வாரத்திலும் வீட்டில் இருப்பவர்கள் பிள்ளையைத் தனியாக விடாமல் இருப்பது நல்லது.

ஒரு வருடத்தை எடுத்துக்கொள்ளும் முன்பே நாங்கள் வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் நான்கு வரி எழுதினோம். முதலில் அரசு எம்.பி.பி.எஸ்., இரண்டாவது அரசு பல் மருத்துவம், மூன்றாவது அரசு சித்த மருத்துவம், அதுவும் இல்லை என்றால் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கில் பி.எஸ்சி. விவசாயம் அல்லது நர்சிங். மூன்றாவது தடவை நீட் கிடையாது. நீட்டுக்கு எத்தனை தடவை என்ற வரம்பு இல்லை, மேல் வயது வரம்பும் எடுக்கப்பட்டுவிட்டது. வாசல் திறந்தே இருப்பதால், எப்போது வெளியே வருவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். மார்க் வந்த பிறகு அந்த முடிவை எடுக்க முடியாது. மனசு ஓடும்.

சிலர் ஒரு கல்லூரியில் சேர்ந்துகொண்டே நீட்டுக்குப் படிக்கிறார்கள். தவறில்லை. ஆனால் 75 சதவீத வருகைப் பதிவு, இன்டர்னல், செமஸ்டர் எல்லாம் சேர்ந்து ஏப்ரலில் கழுத்தை நெரிக்கும். இன்னொரு சிக்கல், ஒரிஜினல் சான்றிதழ்கள். என் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்து, கவுன்சிலிங்குக்காகச் சான்றிதழைக் கேட்டபோது மீதி வருடங்களின் கட்டணத்தைக் கட்டச் சொன்னார்கள். கல்லூரிகள் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-இலேயே அறிவித்திருக்கிறது. அதைக் காட்டிக் கடிதம் எழுதியபின்தான் கொடுத்தார்கள். சேரும்போது பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

தேர்வு நாள் பற்றி அதிகம் இல்லை. அரைக்கை சட்டையும் செருப்பும் போட்டுப் போங்கள். உலோகம் எதுவும் வேண்டாம். மூக்குத்தியை வாசலில் நின்று கழற்றக் கஷ்டப்பட்டவர்களைப் பார்த்தேன். முந்தின நாளே கழற்றிவிடுங்கள். ஒன்றரை மணிக்கு வாசல் மூடினால் மூடியதுதான். பேனா அவர்களே தருவார்கள். ஹால் டிக்கெட்டில் ஒட்ட வேண்டிய பெரிய போட்டோவை மறந்து, காலையில் அப்பா கடைக்கு ஓடி வந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

உள்ளே, உயிரியல் நான் நினைத்த நேரத்தில் முடிந்தது. வேதியியல் கொஞ்சம் இழுத்தது. இயற்பியலைத் திறந்ததும் முதல் பக்கத்தில் ஒன்றுகூட உடனே வரவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் இயற்பியலில்தான் தொடங்கியிருந்தாள் போல. முக்கால் மணி நேரம் அந்தப் பக்கங்களையே புரட்டிக்கொண்டிருந்தாள். நான் உறுதி செய்து வைத்திருந்த பாடங்களில் வந்ததை மட்டும் தேடித் தேடிப் போட்டேன். மற்றதை விட்டேன். கடைசியில் 114 சரி, 25 தப்பு, 41 விட்டது. போன தடவை விட்டது 27. விட்டது கூடியும் ரேங்க் முன்னேறியது, சந்தேகம் வந்தால் இயற்பியலில் விடு என்ற அந்த விதியால்தான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 14 முடிவு வந்தது. எம்.பி.பி.எஸ். அரசுக் கல்லூரிக்குப் பற்றாது என்று தெரிந்தது. சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றாலும் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் கட்டணம். ஜெராக்ஸ் கடைக்கு அது கட்டுப்படியாகாது. தாளில் எழுதியிருந்ததால் யாரும் கடன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இப்போது பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். நான்கரை வருடமும் ஒரு வருடப் பயிற்சியும். ஆயா தன் முழங்காலுக்கு இப்போதே தைலம் கேட்கிறாள்.

கவுன்சிலிங்கில் கடலூர், புதுச்சேரி எல்லைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இருப்பிடம். வீடு புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம், பள்ளிக்கூடம் கடலூர் என்று இருப்பவர்கள் நிறையப் பேர். புதுச்சேரி இடங்கள் அந்த அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக, தமிழ்நாட்டு இடங்கள் இங்குள்ள தேர்வுக் குழு வழியாக. இரண்டு பக்கமும் இருப்பிடச் சான்று வாங்கி இரண்டிலும் சொந்த மாநிலத்தவராக விண்ணப்பித்தால் பிறகு இடமே ரத்தாகும். எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஜிப்மர் தனி, 2019 வரை அதற்குத் தனி நுழைவுத் தேர்வு இருந்தது, 2020 முதல் நீட் ரேங்க்தான். புதுச்சேரிக்காரர்களுக்கான உள் ஒதுக்கீடு உட்பட அதன் எம்.பி.பி.எஸ். இடங்கள் மத்திய கவுன்சிலிங்கில் நிரப்பப்படுகின்றன.

சாதிச் சான்றிதழிலும் ஒரு விஷயம். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. அட்டை தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்குப் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் (வசதி படைத்தோர்) அல்லாதோர் சான்றிதழ் வேண்டும். அதற்கு வருமானம் பார்ப்பார்கள், அந்த நிதியாண்டில் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போய் வர நாளாகும். ஏப்ரல் பிறந்ததும் போட்டுவிடுங்கள். ஜூனில் எல்லாரும் போவார்கள்.

கல்லூரிகளை விருப்ப வரிசையில் குறிக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கில், மத்திய கவுன்சிலிங்கின் கடைசிச் சுற்றில், போக விருப்பமில்லாத கல்லூரியைச் "சும்மா இருக்கட்டும்" என்று போடாதீர்கள். கிடைத்துச் சேராவிட்டால் கட்டிய வைப்புத்தொகை போகும், அடுத்த நீட் எழுதவும் முடியாது. அப்புறம், எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். கவுன்சிலிங் வேறு, சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி கவுன்சிலிங் வேறு. தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. என்னைவிட நல்ல ரேங்க் வைத்திருந்த ஒருத்தி ஒரே விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நினைத்து, சித்தாவுக்குத் தேதி முடிந்தபின்தான் விசாரித்தாள். இப்போது மூன்றாவது தடவை படித்துக்கொண்டிருக்கிறாள்.